அவசரமும் அவசியமும்: முன்னுரிமை நூல்களைப் பயிலும் அருமை

முன்னுரை

எதனை முதலில் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது, எதனை அறவே விடுப்பது என்னும் வினா மாந்தர் அனைவர்க்கும் உரியது. இவ்வினாவிற்கு விடை கூற முற்படும் நூல்கள் இன்று தன்முன்னேற்ற நூல்கள் என வழங்கப்பெறுகின்றன. நம் மாணவர் இவற்றை விருப்பத்தோடு வாங்குகின்றனர், ஊக்கத்தோடு தொடங்குகின்றனர், முப்பது நாற்பது பக்கங்களில் பலர் நின்றுவிடுகின்றனர். "ஐயா, நடை எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படித்து முடிக்க முடியவில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?" என்று மாணவி ஒருவர் நம்மிடம் கூறினார்.

நேரத்தைப் பங்கிடக் கற்றுத்தரும் நூலைப் படிக்க நேரமில்லை என்பது கேட்பதற்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயின், அம்மாணவி கூறியதில் உண்மை உண்டு. இத்தகைய நூலொன்றைப் படித்து முடிக்க நாமே பதினொரு மாதங்கள் எடுத்துக்கொண்டோம். இவ்வருமை நூலின்கண் உள்ளதா, கற்போனின்கண் உள்ளதா, இதனைக் கடக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

தமிழில் இவ்வகை நூல்கள்

தன்முன்னேற்ற நூல் என்பது நேற்று வந்த புதுமை அன்று. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் 1908 முதல் 1912 வரை சிறையில் வாடினார். அக்காலத்தே, 1909-இல், ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் சிறுநூல் ஒன்று அவரது மொழிபெயர்ப்பில் 'மனம்போல வாழ்வு' என்னும் பெயரால் வெளிவந்தது. 'அகமே புறம்' முதலிய நூல்களையும் அவர் தமிழாக்கினார். செக்கிழுத்த கைகளே இந்நூல்களை எழுதின என்பதை நாம் மறத்தலாகாது. தம் நேரம் முழுவதும் பிறர் ஆணைக்கு உட்பட்டிருந்த நிலையிலும், தம் மனத்தை எதன்பால் செலுத்துவது என்னும் உரிமை மட்டும் தம்மிடமே இருப்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

அடுத்த தலைமுறையில், தொண்டியிற் பிறந்த அறிஞர் அப்துற் றஹீம் இத்துறையில் பெரும்பணி ஆற்றினார். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த அப்பெருமகனாரே 'வாழ்க்கையில் வெற்றி' முதலான நூல்களை எழுதிச் சமய வேறுபாடின்றித் தமிழ் இளைஞர் கைகளிற் சேர்த்தார். பின்னர் எம். எஸ். உதயமூர்த்தி 'எண்ணங்கள்' வாயிலாகப் பல்லாயிரவர் உள்ளத்தைத் தட்டியெழுப்பினார்.

இவ்வரிசையில் முன்னுரிமை என்னும் ஒன்றனையே பொருளாகக் கொண்ட ஆங்கில நூல் 'ஃபர்ஸ்ட் திங்ஸ் ஃபர்ஸ்ட்' என்பதாகும். 'முதன்மையானவற்றை முதலில் செய்க' என்பது இப்பெயரின் கருத்து. ஸ்டீவன் கவி என்பார் ரோஜர் மெரில், ரெபெக்கா மெரில் ஆகிய இருவருடன் இணைந்து எழுதி, 1994-இல் வெளியிட்டது. நாம் பதினொரு மாதங்கள் படித்த நூல் இதுவே.

அந்நூலின் மையக் கருத்தைச் சில தொடர்களில் கூறிவிடலாம். நம் பணிகள் நால்வகைப்படும். அவசரமும் முதன்மையும் உடையன ஒருவகை. அவசரமின்றி முதன்மை மட்டும் உடையன ஒருவகை. முதன்மையின்றி அவசரம் மட்டும் உடையன ஒருவகை. இரண்டும் அற்றன ஒருவகை. முதல்வகை நம்மை விடாது. மூன்றாம் வகை நம்மை ஏமாற்றும். நான்காம் வகை நம்மை மயக்கும். உடல்நலம், உறவு, கல்வி, முன்னேற்பாடு ஆகியன அடங்கிய இரண்டாம் வகையோ நம்மை அழைப்பதே இல்லை. நாமே அதனைத் தேடிச் செல்லுதல் வேண்டும். கடிகாரம் விரைவைக் காட்டும். திசைகாட்டியே போகும் வழியைக் காட்டும். ஆதலின் கடிகாரத்தைப் பார்க்குமுன் திசைகாட்டியைப் பார்க்க வேண்டும் என்பது அந்நூலார் கருத்து.

இவ்வளவே செய்தி எனின், 300 பக்கங்களுக்கு மேல் எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு.

நூலின்கண் உள்ள இடர்

நூலொன்றை மதிப்பிடும் அளவுகோலைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நமக்குத் தந்துள்ளார். நூலுக்குப் பத்து அழகும் பத்துக் குற்றமும் உண்டென அவர் வகுத்தார். அவ்வளவுகோலை இன்றைய தன்முன்னேற்ற நூல்களின்மேல் வைத்துப் பார்த்தல் பயனுடைய பயிற்சியாகும்.

'கூறியது கூறல்' என்னும் குற்றம் இவற்றில் மிகுதி. முதல் இயலிற் சொன்னதையே மூன்றாம் இயலிலும் ஏழாம் இயலிலும் காண்கின்றோம். 'மற்றொன்று விரித்தல்' என்பதும் உண்டு. கருத்தொன்றை நிறுவ வந்த கதை, கருத்தினும் நீண்டுவிடுகிறது. 'விளங்கு உதாரணத்தது ஆகுதல்' என்னும் அழகோ நமக்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. எடுத்துக்காட்டுகள் அமெரிக்க அலுவலகத்திலிருந்து வருகின்றன. தனிச் செயலாளர், வார இறுதி, நிறுவனக் கூட்டம் என்று அவை பேசுகின்றன. செங்கத்திலிருந்து காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மாலையில் தம்பி தங்கையர்க்குச் சமைக்க வேண்டிய மாணவிக்கு அவ்வெடுத்துக்காட்டுகள் நேராகப் பொருந்தா. அவற்றைத் தம் வாழ்விற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் சுமையும் அவர் தலைமேல் விழுகின்றது.

மொழியாலும் ஓர் இடர் நேர்கின்றது. அவசரம், அவசியம் என்னும் இரு சொற்களையும் பேச்சுவழக்கில் நாம் கலந்தே ஆள்கின்றோம். "அவசரமாகப் பார்க்க வேண்டும்" என்பார் பலர்க்கு "அவசியம் பார்க்க வேண்டும்" என்பதே கருத்தாக இருக்கும். வடமொழியில் தருணம், வாய்ப்பு எனப் பொருள்படும் அவசரம் என்னும் சொல் தமிழில் விரைவு என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களும் நம் எண்ணத்திலும் நெருங்கிவிட்டன. இவற்றைப் பிரித்தறிவதே அந்நூலின் முதற்பாடம். நமக்கு அதுவே முதற்றடை.

எனினும், நூலின் குற்றங்களை மட்டும் காட்டி நாம் தப்பித்தல் இயலாது. கூறியது கூறினும் பக்கம் விரைந்து ஓடும். கதை நீளினும் படிக்க எளிதே. பக்கத்திற்கு 3 நிமிடம் என வைத்தாலும் 300 பக்கங்களுக்கு 15 மணி நேரமே ஆகும். நாளுக்கு அரைமணி ஒதுக்கின் 30 நாளில் நூல் முடியும். முப்பது நாள் நூல் பதினொரு மாதங்களைக் கொண்டது எவ்வாறு?

கற்போனின்கண் உள்ள இடர்

நாம் அந்நூலை ஒரு ஜூன் திங்களில் தொடங்கினோம். ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் ஒரு பயிற்சி வந்தது. நாம் வாழ்வில் ஏற்றுள்ள நிலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நிலைக்கும் இவ்வாரம் செய்யத்தக்க முதன்மையான ஒரு பணியை அதன் எதிரே எழுதுமாறு நூல் பணித்தது. ஆசிரியர், கணவர், தந்தை என எழுதினோம். மகன் என்றும் எழுதினோம். அதன் எதிரே எழுத வேண்டியது யாதென்பதும் உடனே தெரிந்தது. எழுதாமல் நூலை மூடிவைத்தோம்.

எம் தந்தையார் திருவண்ணாமலையில் சிறு அரிசிக்கடை நடத்தியவர். முதுமையில் அவர்தம் கண்பார்வை மங்கிவிட்டது. இளமையில் வாங்கிய அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' நூலை அட்டை கிழிந்த நிலையிலும் தலைமாட்டில் வைத்திருந்தார். "தம்பி, ஒரு பக்கம் படித்துச் சொல்கிறாயா?" என்று மாலைதோறும் கேட்பார். "நாளைக்கு, அத்தா" என்போம். விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. தேர்வுக்குழுக் கூட்டம் இருந்தது. முடிக்கப்பெறாத முனைவர் பட்ட ஆய்வும் இருந்தது. அனைத்திற்கும் கெடு இருந்தது. தந்தையார் கேட்டதற்குக் கெடு இல்லை. கெடு இல்லாத ஒன்றை நாளைக்குத் தள்ளுதல் எளிது.

நூல் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அலமாரியிற் கிடந்தது. படிக்க நேரம் இல்லாமையால் அன்று. அந்நான்கு திங்களில் வேறு நூல்கள் பலவற்றைப் படித்தோம். இந்நூலைத் திறந்தால் அவ்வெற்றிடம் நம்மைப் பார்க்கும் என்பதாலேயே திறக்கவில்லை.

இங்குதான் இவ்வகை நூல்களின் மெய்யான அருமை விளங்குகின்றது. இலக்கண நூலில் விளங்காத நூற்பா வரின் உரையைப் பார்க்கலாம். காப்பியத்தில் அருஞ்சொல் வரின் அகராதியைப் பார்க்கலாம். முன்னுரிமை நூலில் விளங்காதது என்று ஒன்றும் இல்லை. எல்லாம் விளங்குகின்றது, விளங்கியபின் நாம் ஒன்றனை விட வேண்டியிருக்கின்றது. எதனையும் விட மனமில்லாதவன் அடுத்த பக்கத்திற்குச் செல்ல இயலாது. கண் சென்றாலும் மனம் செல்லாது. ஆதலின், இந்நூல்கள் கொள்ளும் காலம் படிப்பதற்கான காலம் அன்று. முடிவெடுப்பதற்கான காலம் எனத் துணியலாம்.

சுருக்கம் தீர்வாகுமா?

நீண்ட நூலுக்கு மாற்றாகச் சுருக்கத்தை நாடுவோர் இன்று பலர். 300 பக்க நூலைப் பத்து நிமிடத்தில் கூறிவிடும் காணொளிகள் கைப்பேசியில் நிறைந்துள்ளன. அவை நேரத்தை மிச்சப்படுத்துமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுருக்கத்தில் திருக்குறளை விஞ்சும் நூல் நம்மிடம் இல்லை. செய்யத்தகாததைச் செய்தாலும் கேடு, செய்யத்தக்கதைச் செய்யாது விட்டாலும் கேடு எனத் தெரிந்துசெயல்வகை என்னும் 47-ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தார். காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்துக, தாழ்த்தாது செய்ய வேண்டியவற்றில் தாழ்த்தற்க என வினைசெயல்வகை என்னும் 68-ஆம் அதிகாரத்தில் மொழிந்தார். இரு குறட்பாக்களும் சேர்ந்து 14 சீர்களே. ஆயின், தாழ்த்தத் தக்கது எது, தகாதது எது என்பதை வள்ளுவர் பட்டியலிட்டுத் தரவில்லை. அதனை அவரவரே தம் வாழ்வில் நிரப்பிக்கொள்ள வேண்டும். 300 பக்க நூல் விட்டுவைத்த அதே வெற்றிடத்தையே 14 சீர்களும் விட்டுவைத்துள்ளன.

இளமை, உடல்நலம், செல்வம், ஓய்வு, வாழ்வு ஆகிய ஐந்தும் கைவிட்டுப் போகுமுன் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்கின்றனர். மனப்பாடம் செய்யச் சில நிமிடம் போதும். அவ்வைந்தனுள் தாம் எதனை இழந்துகொண்டிருக்கின்றோம் என உணர நாற்பது ஆண்டுகளும் போதாமற் போவதுண்டு.

இதனை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1111-இல் மறைந்த அப்பேரறிஞர் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலை 40 பகுதிகளில் ஆக்கியவர். இளமை முழுவதையும் கல்வியிற் செலவிட்ட மாணவர் ஒருவர் அவர்களுக்கு மடல் வரைந்தார். கற்றவற்றுள் நாளைக்குப் பயன்படுவது எது, விட்டுவிடத் தக்கது எது என்பது அவர் வினா. பெருநூலில் விடை இருப்பினும், வாழ்நாள் முழுவதும் உடன்வைத்துக் கடைப்பிடிக்கச் சில ஏடுகளில் சுருக்கி எழுதித் தருமாறும் அவர் வேண்டினார். அதற்கு மறுமொழியாக எழுந்த சிறுநூலே 'அய்யுஹல் வலத்'. 'அன்பு மகனே' என்பது இதன் பொருள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னரே முன்னுரிமை பற்றி எழுந்த நூல் என இதனைச் சுட்டுதல் பொருந்தும்.

அச்சிறுநூலில் இமாம் அவர்கள் கூறும் செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. அறிவுரை கூறுதல் எளிது. அதனை ஏற்றலே அரிது என்கிறார்கள். பாலைநிலத்தில் ஒருவன் பத்து இந்திய வாள்களோடு நிற்கின்றான், சிங்கம் பாய்கின்றது. வாளை ஓங்கி வீசாதவரை அவை அவனைக் காக்குமா என வினவுகிறார்கள். மாணவர் சுருக்கத்தைக் கேட்டார், பெற்றார். ஆயின், சுருக்கமும் வீசாத வாளே என்பதை அச்சுருக்கத்திலேயே ஆசிரியர் எழுதிக் கொடுத்தார்.

நம் ஊரிலேயே இதற்கோர் ஒப்புமை உண்டு. முழுநிலா நாளில் செங்கம் சாலை வழியே மலைவலம் வருவோர் கூட்டம் விடியும்வரை ஓய்வதில்லை. வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர் தொலைவுடையது. ஊர்தியில் அரைமணியில் சுற்றிவிடலாம். ஆயினும் முதியோரும் வெறுங்காலோடு நான்கு மணி நேரம் நடக்கின்றனர். அவர்தம் நேரம் வீணாயிற்று என்று எவரும் கூறுவதில்லை. தொலைவைக் கடப்பது அவர்தம் நோக்கம் அன்று என்பதை வேற்றுச் சமயத்தவராகிய நாமும் அறிவோம். சில நூல்களும் அவ்வாறு நடந்தே கடத்தற்குரியன.

பயிலும் முறை

அவ்வாறாயின் இவற்றைப் பயிலும் முறை யாது? இதற்கும் நன்னூலே வழிகாட்டுகின்றது. ஒருமுறை கேட்ட நூலை மறுமுறையும் கேட்பின் பிழை பெரிதும் குறையும். மும்முறை கேட்பின் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் தகுதி வரும் என்கிறார் பவணந்தியார். மேலும், ஆசிரியர் கூறியதை முழுமையாக உட்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வாரோடு கலந்து பயில்வதால் இன்னொரு காற்பங்கு சேரும். பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் எனக் கணக்கிட்டுக் காட்டுகின்றார். தனியே அமர்ந்து ஒருமுறை படித்து முடித்தவர் காற்பங்கினரே என்பது இதனாற் பெறப்படும்.

இக்கணக்கின் உண்மையை நாம் பட்டறிந்தோம். டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப்பின் தந்தையார் அருகமர்ந்து 'வாழ்க்கையில் வெற்றி' நூலைப் படிக்கத் தொடங்கினோம். சில மாலைகளில் அதனை முடித்ததும், "நீ படித்துக்கொண்டிருந்தாயே, அந்த இங்கிலீஷ் புத்தகம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். வேறு வழியின்றி அலமாரியிலிருந்து அதனை எடுத்தோம். சனவரி முதல் ஏப்ரல் வரை, நாளுக்கு அரைமணி, ஒவ்வொரு தொடரையும் தமிழாக்கி அவருக்குக் கூறினோம். அமெரிக்க அலுவலகம் அரிசிக்கடையாக மாறியது. விளங்கிவிட்டது என நாம் எண்ணிய பல இடங்கள் அவர் கேட்ட கேள்விகளால் மீண்டும் மயங்கின, பின்னர்த் தெளிந்தன.

அவசரப் பணி, முதன்மைப் பணி என்னும் பகுப்பைச் சொல்லியபோது அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "கடையில் சத்தம் போடுகிறவனுக்கு முதலில் நிறுத்துக் கொடுப்போம். சத்தம் போடாதவன் கொஞ்ச நேரம் நிற்பான். அப்புறம் பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவான். அவன் போனது ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும், தம்பி" என்றார். நால்வகைப் பகுப்பைப் பற்றி நாம் கேட்ட விளக்கங்களுள் இதனினும் தெளிவானது பிறிதில்லை. எம் வீட்டில் சத்தம் போடாமல் நின்றிருந்தவர் அவரே என்பதை அவர் கூறவில்லை. கூற வேண்டியதும் இல்லை.

ஏப்ரல் இறுதியில் நூல் முடிந்தது. அடுத்த மழைக்காலத்தில் தந்தையார் இறையடி சேர்ந்தார். நாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிய மாலைகள் மீளவில்லை. அந்நான்கு மாதங்கள் மட்டும் நமக்கு எஞ்சின. அவையும், ஒரு நூல் நம்மை இடைமறித்துக் கேட்டதால் கிட்டியவை.

மாணவர்க்குச் சில கூற விழைகின்றோம். இவ்வகை நூல்களைப் பலவாக வாங்கி அடுக்க வேண்டா, ஒன்றே போதும். எந்தப் பக்கத்தில் நூலை மூடத் தோன்றுகின்றதோ அப்பக்கத்தைக் குறித்துவைக்க வேண்டும். சலிப்பால் மூடினோமா, அச்சத்தால் மூடினோமா என்று தம்மைத் தாமே வினவ வேண்டும். சலிப்பாயின் அப்பக்கங்களைக் கடந்து செல்லலாம். கூறியது கூறும் நூலுக்கு நாம் கடன்பட்டவர் அல்லர். அச்சமாயின் அங்கேயே நிற்க வேண்டும். நமக்குரிய பாடம் அங்கேதான் இருக்கின்றது. வீட்டில் எழுத்தறியாத பெரியோர் இருப்பின் படித்ததை அவர்க்குக் கூற வேண்டும். எஞ்சிய அரைப்பங்குப் புலமை அங்கே கிட்டும். அவர்க்கும் ஒரு மாலைப்பொழுது கிட்டும்.

முடிவுரை

முன்னுரிமை நூல்கள் படித்தற்கு அரியன என்பதும், மிகுந்த காலத்தைக் கொள்வன என்பதும் உண்மையே. கூறியது கூறல் முதலிய குற்றங்களும், வேற்றுநாட்டு எடுத்துக்காட்டுகளும், அவசரம் அவசியம் என்னும் சொற்களின் மயக்கமும் அதற்குச் சிறு காரணங்கள். நமக்குத் தெரிந்த விடையை நாம் ஏற்கத் தயங்குவதே பெருங்காரணம். அத்தயக்கத்தைச் சுருக்கமும் போக்காது. 14 சீர்களிற் சொன்னாலும் 40 பகுதிகளிற் சொன்னாலும் ஏற்க வேண்டியவர் நாமே. நன்னூலார் கூறியவாறு மீண்டும் பயின்றும், உடன்பயின்றும், பிறர்க்கு உரைத்தும் கடப்பின், அந்நூல் கொண்ட காலம் இழப்பாகாது.

நேரமில்லை எனக் கூறிய அம்மாணவிக்கு அன்று நாம் விடை கூறவில்லை. இன்று கூறுகின்றோம்: மெல்லப் படியுங்கள், அம்மா. நின்ற பக்கம் எதுவெனப் பாருங்கள். அங்கே யாரேனும் சத்தமின்றி உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.